அக்கா பேசிய காட்டு பாஷை

மழைக்காட்டுச் சுற்றுலாவுக்கான அரசுக் கொள்கையை வரிக்கு வரி எழுதியவள் அவள்தான். தலைநகரத்து அலுவலகத்தில் அவளை எல்லோரும் மேடம் என்றார்கள். வீட்டிலோ, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் சின்னவள். ஒரே ஒரு அக்கா, அவள் பெரியவள். அம்மா இருவரையும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கொள்கைக்காகச் சின்னவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காட்டைப் பார்க்க வருகிறவர்கள் காட்டில் குடியிருப்பவர்களின் சம்மதத்தோடுதான் வரவேண்டும் என்று ஒரு விதி. வருமானத்தில் பாதி குடியிருப்புச் சபைக்குப் போகவேண்டும் என்று இன்னொன்று. மண்சரிவு அபாயம் வந்தால் மக்களைத் தற்காலிகமாகப் பத்திரமான இடத்துக்கு மாற்றலாம் என்று, அவர்களுடைய நல்லதுக்காக, மற்றொன்று. நிதித்துறைக்காரர்கள் "இது சுற்றுலாத் துறையா, தர்ம சத்திரமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவள் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மல்லுக்கட்டி, கடைசியில் நிறைவேற்றிக் காட்டினாள்.

கொள்கை எழுதும் காலத்தில் ஒருமுறை மலையடிவாரம் வரை போயிருந்தாள். அன்று பாதை அடைபட்டிருந்ததால் மேலே போக முடியவில்லை. சுற்றுலாக் கழகத்தின் மேலாளர், "நீங்க எதுக்கு மேடம் சேத்துல இறங்கணும்? நான் அவங்களையே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிக் குடியிருப்பு மக்களைக் கீழே அழைத்து வந்தார். அவர்களுடைய தலைவர் என்று சொல்லப்பட்ட ஒரு தொப்பைக்காரர், அவள் சொன்னதை மேலாளர் எடுத்துச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சம்மதம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அவள் ஊர் திரும்பினாள்.

அந்த மலையடிவார ஊரில்தான் பெரியவளும் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். ஆயத்த ஆடைகள் வந்து கடை படுத்துவிட, சுற்றுலாக் கழகத்தில் வரவேற்பு வேலை கிடைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ரெண்டு பொண்ணும் ஒரே டிபார்ட்மென்ட்டு" என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

இப்போது நிதி தரும் வெளிநாட்டு அமைப்பின் தலைவி நேரில் பார்வையிட வந்திருந்தார். வயதானவர், தலை முழுக்க வெள்ளி. துறையில் அவருக்கு வெள்ளிமுடி அம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மொழி தெரிந்தவள் என்பதால் கூடப் போகும் பொறுப்பும், மொழிபெயர்க்கும் பொறுப்பும் சின்னவள் தலையில் விழுந்தன. புறப்படும் முன் அக்காவிடம் பேசினாள்.

"அக்கா, நாளைக்கு உங்க ஊருக்கு வர்றேன். நீயும் மேல வருவியா?"

"எனக்கு டூட்டி இருக்குடி. நீ வேலையை முடிச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றாள் பெரியவள்.

மறுநாள் காலை வண்டி மலையேறியது. மரங்கள் வானத்தை மறைத்தன. எல்லாவற்றின் மேலும் பாசி. மழை நின்றும் இலைகள் சொட்டுவது நிற்கவில்லை. மேலாளர் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசிவந்தார். "இங்க எல்லாமே மேடம் எழுதின பாலிசிப்படிதான் நடக்குது. ஒரு வார்த்தை பிசகல." சின்னவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதை மட்டும் கொஞ்சம் அடக்கி மொழிபெயர்த்தாள்.

குடியிருப்பு ஒரு மேட்டின் மேல் இருந்தது. வட்டமாகக் குடிசைகள், நடுவில் நெருப்பு, சுற்றிலும் இலைகளையும் மரப்பட்டையையும் உடுத்திய ஆண்களும் பெண்களும். முன்னால் நின்ற தலைவரைப் பார்த்ததுமே சின்னவள் அடையாளம் கண்டுகொண்டாள். அன்று கீழே வந்து தலையாட்டிய அதே தொப்பைக்காரர். அவள் மரியாதையாகக் கைகூப்பினாள். அவர் ஏனோ பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவங்களுக்கு வெளியுலக பாஷை ஒரு சொல்லும் தெரியாது. நான் இவங்களோட பழகிப் பழகிக் கத்துக்கிட்டேன். இவங்க சொல்றதை நான் சொல்றேன், நீங்க அம்மாவுக்குச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

வெள்ளிமுடி அம்மா ஒரு குடிசையின் முன் நின்றார். அங்கே ஒரு பெண் தலைகுனிந்து கூடை முடைந்துகொண்டிருந்தாள். முகத்தில் சிவப்பு மண் கோடுகள். கழுத்தில் விதை மாலை. கூடையின் விளிம்பை அவள் மடித்துப் பிடித்த விதம் சின்னவளுக்கு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மண் கோடுகளுக்கு நடுவே அக்காவின் முகம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்தில் பட்ட தழும்பு வரை அக்காவேதான். இடுப்பில் இலைப் பாவாடை கட்டி, கையில் மூங்கில் பட்டையோடு, பெரியவள் அவளை முறைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் வாய் தானாகத் திறந்தது. "அக்" என்ற அளவுக்குச் சத்தமும் வந்துவிட்டது.

உடனே பெரியவள் கைகளை உயர்த்தி, கணீரென்ற குரலில், பாட்டுப் பாடுவதுபோல் இழுத்துச் சொன்னாள்: "கசின் கன கவ களே! கமு கழிக் ககா கதே! கவா கயை கமூ கடு!"

மேலாளர் பயபக்தியோடு தலைகுனிந்தார். "மலை தாண்டி வந்த விருந்தினரே, உங்கள் வரவால் எங்கள் மரங்கள் பூத்தன என்கிறாள்" என்றார்.

அந்தப் பாஷை சின்னவளுக்குத் தெரியும். சிறுவயதில் அம்மாவுக்குப் புரியக்கூடாது என்று அக்காவும் தங்கையும் பேசித் திரிந்த பாஷை அது. ஒவ்வொரு எழுத்துக்கூட்டுக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த விளையாட்டு. அந்த 'க'க்களை எடுத்துவிட்டால் அக்கா சொன்னது இவ்வளவுதான்: சின்னவளே, முழிக்காதே, வாயை மூடு.

"என்ன சொல்கிறார்?" என்று வெள்ளிமுடி அம்மா தன் மொழியில் ஆவலாகக் கேட்டார்.

சின்னவள் மேலாளர் சொன்ன மரம் பூத்த கதையை அப்படியே ஒப்பித்தாள். தன் குரல் யாரோ ஒருவருடையதுபோல் கேட்டது.

"எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்."

கேள்வி சின்னவளிடமிருந்து மேலாளருக்கு வந்தது. மேலாளர் கைகளை ஆட்டி ஏதோ உளறினார். பெரியவள் யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்துவிட்டு, தொடையைச் சொறிந்தபடி பதில் சொன்னாள்: "கபா கவா கடை கக கடிக் ககு கது."

"இந்தக் காடுதான் எங்கள் தாய். தாய்க்கு வயது உண்டா என்கிறாள்" என்றார் மேலாளர்.

பாவாடை கடிக்கிறது என்றுதான் பெரியவள் சொல்லியிருந்தாள்.

வேறு சமயமாக இருந்தால் சின்னவள் தரையில் உருண்டு புரண்டு சிரித்திருப்பாள். இப்போதோ தாய்க்கு வயது உண்டா என்பதை வரி பிசகாமல் மொழிபெயர்த்துச் சொன்னாள். வெள்ளிமுடி அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் குனிந்து, பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துத் தம் நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியவளும் ஒரு கணம் நடிப்பை மறந்து திருதிருவென்று விழித்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, "கபி கற ககு கபே கச கலாம்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு பேசலாம்.

பார்வையிடல் முடிந்தது. விருந்தினர் விடுதிக்கு வெள்ளிமுடி அம்மாவை அனுப்பிவிட்டு, எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிச் சின்னவள் திரும்பி ஓடினாள். குடிசைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. வெளியே செருப்புகள், ஸ்கூட்டர்கள். உள்ளே கண்ணாடியின் முன்னால் பெரியவள் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் தொப்பைக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், சின்னவளைக் கண்டதும் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே நழுவினார்.

"என்னக்கா இது?" என்றாள் சின்னவள்.

"என்ன என்ன இது? வேலை" என்றாள் பெரியவள், திரும்பாமலே. "வரவேற்புன்னு சொன்னேன்ல? வர்றவங்களை வரவேற்கிறேன். பொய் சொன்னேனா?"

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? என் தங்கச்சி மேடம், நான் இலையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்னா? நீ வர்றேன்னு சொன்னதும் லீவு கேட்டேன். இன்னைக்கு முக்கியமான நாளு, கூடைக்காரி இல்லாம முடியாதுன்னு மேலாளர் சொல்லிட்டாரு."

"இங்க இருந்தவங்க எங்கே? நிஜமான ஆளுங்க?"

"அவங்களைக் கீழ மாத்திட்டாங்களே. பஸ் டிப்போ பின்னால லைன் வீடு கட்டிக் குடுத்திருக்காங்க. மண்சரிவு ஆபத்துன்னு ஏதோ ரூல் இருக்காமே."

சின்னவள் அங்கிருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விதி அவளுடையது. இரவெல்லாம் கண்விழித்து, யாருக்கும் எந்தத் தீங்கும் வந்துவிடக் கூடாதே என்று சேர்த்த விதி.

"அப்போ அந்தத் தலைவர்?"

"யாரு, பேக்கரிக்காரரா? பாவம், நல்ல மனுஷன். அவருதான் இதுல முதல் ஆளு. நீ மொதல்ல வந்தப்பவே அவருதானே தலைவரா வந்தாரு?" பெரியவள் சொல்லிக்கொண்டே திரும்பியவள், தங்கையின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "ஏண்டி? உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நாங்க எல்லாரும் நினைச்சோம். தண்ணி குடிக்கிறியா?"

மூன்று வருடமாக மேடை மேடையாக அவள் சொல்லிவந்த சம்மதம் ஒரு பேக்கரிக்காரரின் தலையாட்டல். அந்த அறையின் தகரக் கூரை மேல் மழை சடசடவென்று விழத் தொடங்கியது. அவளுக்கு அது எங்கேயோ தூரத்தில் பெய்வதுபோல் இருந்தது.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போகவில்லை. பஸ் டிப்போவின் பின்பக்கம் போனாள். இரண்டு வரிசையாகச் சிமெண்ட் வீடுகள். வாசலுக்கு வாசல் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. மலையின் விடுதிகளுக்கெல்லாம் சலவை இங்கேதான் நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஒரு பெண்மணி தொட்டியில் விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். அவர்தான் குடியிருப்பின் தலைவி. சின்னவள் தான் யார் என்று சொன்னாள். தலைவி கையைத் துடைத்துக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, அந்த ரூல் எழுதின ஆளு நீங்கதானா? வயசானவங்களா இருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார், சர்வசாதாரணமாக. பேச்சில் கொஞ்சம் வேறு ராகம் இருந்ததே தவிர, எல்லோரும் பேசும் பேச்சுதான்.

"உங்களை ஏன் கீழே கொண்டுவந்தாங்க?"

"மண்ணு சரிஞ்சா ஆபத்துன்னாங்க. எங்க பக்கம் சரியவே இல்ல. விஷயம் அது இல்லம்மா. வந்தவங்க வீட்டுக்குள்ள தலையை விட்டு எட்டிப் பாத்தாங்க. அடுப்பைப் படம் புடிச்சாங்க. நான் குளிச்சிட்டு வர்றதைப் படம் புடிச்சான் ஒருத்தன். நாங்க எல்லாரும் கதவைச் சாத்திட்டோம். கதவைச் சாத்தினா சுற்றுலா எப்படி நடக்கும்னு மேலாளர் கோவிச்சுக்கிட்டாரு. அடுத்த வாரம் லாரி வந்துச்சு."

"இப்ப மேல உங்க பேர்ல வேற ஆளுங்க இருக்காங்க. தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒருநாள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பாத்தோமே." தலைவி சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எங்களையே வரிசையில நிக்கச் சொன்னான். ஒரு குண்டு ஆளு நெருப்பைச் சுத்தி ஆடுறான். அது எந்த ஊரு ஆட்டம்னே தெரியல."

மறுநாள் காலை விடுதியின் சாப்பாட்டு அறையில் வெள்ளிமுடி அம்மா தேநீரோடு உட்கார்ந்திருந்தார். துறையின் இயக்குநரும் தலைநகரத்திலிருந்து வந்துவிட்டிருந்தார். முந்தின நாளே சின்னவள் அவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

"பதட்டப்படாதீங்க. 'குடியிருப்பு'ன்னு இருக்கிற இடத்துல 'மாதிரிக் குடியிருப்பு'ன்னு போட்டுடலாம். ஒரு சொல்லு. அவ்வளவுதான்" என்றிருந்தார்.

இப்போதும் அவர் சிரித்த முகத்தோடு, "நம்ம ஏற்பாடெல்லாம் பிடிச்சுதான்னு அம்மாகிட்ட கேளுங்க" என்றார்.

சின்னவள் கேட்கவில்லை. வெள்ளிமுடி அம்மாவிடம் அவருடைய மொழியில், நேற்று நீங்கள் பார்த்த யாரும் அந்தக் காட்டு மக்கள் இல்லை என்று சொன்னாள். உண்மையானவர்கள் பஸ் டிப்போவின் பின்னால் உங்கள் படுக்கை விரிப்பைத் துவைக்கிறார்கள். அவர்களை வெளியேற்றப் பயன்பட்டது நான் எழுதிய விதி. அவர்கள் சம்மதம் என்று நான் எழுதி அனுப்பியதும் உண்மை இல்லை, எனக்கே தெரியாமல்.

வெள்ளிமுடி அம்மா கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தக் கூடை முடைந்த பெண்? நான் கையைப் பிடித்துக்கொண்டேனே?" என்று கேட்டார்.

"அவள் என் அக்கா. தையல்காரி."

அவர் நேற்று அங்கிருந்து வாங்கிவந்து மேசைமேல் வைத்திருந்த கூடையை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அதனால்தான் மடிப்பு இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது" என்றார். பிறகு எழுந்து தம் அறைக்குப் போய்விட்டார்.

இயக்குநருக்கு அந்த மொழி தெரியாது. "என்ன சொன்னாங்க? கூடை பிடிச்சிருக்காமா?" என்றார்.

ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழாயிற்று. வர இருந்த நிதி நின்றது. குடியிருப்புக் காட்சி மூடப்பட்டது. மேலாளர் நீண்ட விடுப்பில் போனார். சின்னவளைக் கொள்கைப் பிரிவிலிருந்து தூக்கி, விடுதி உரிமங்களைப் புதுப்பிக்கும் பிரிவில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது அக்காவின் தொலைபேசி.

"நல்லா இருக்கியா மேடம்? எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் இப்ப வேலை இல்ல. பேக்கரிக்காரர் பொண்டாட்டி என்னைப் பாத்தா காறித் துப்புறா, உன் தங்கச்சிதானேன்னு. எனக்கு நீ செஞ்ச உபகாரம் ஜென்மத்துக்கும் போதும்."

"அக்கா, அது அவங்க இடம்க்கா."

"நான் இல்லன்னேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல? வேற ஏதாச்சும் பாத்திருப்பேன்ல? நான் உங்கிட்ட மறைச்சேன். சரி. நீ என்னைத் தெருவுல நிறுத்திட்டே."

இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு பெரியவள் பேசவில்லை. அம்மா இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அழுதாள்.

சில மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். லைன் வீடுகளுக்கு முன்னால் பந்தல் போட்டு, விசாரணை அதிகாரி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். சின்னவள் சாட்சியாக வரவழைக்கப்பட்டிருந்தாள். ஒரு பக்கம் தலைவியும் அவருடைய மக்களும். மறுபக்கம் வேலையிழந்த ஊர்க்காரர்கள். அவர்களில் பெரியவள் முதல் வரிசையில் இருந்தாள். தங்கை இருந்த திசைப்பக்கமே தலையைத் திருப்பவில்லை.

"நீங்க மேல திரும்பப் போகலாம்னு அரசாங்கம் முடிவு பண்ணியிருக்கு" என்றார் அதிகாரி தலைவியிடம். "சுற்றுலாவை இனி நீங்களே நடத்தலாம். உங்க விருப்பம் என்ன?"

சின்னவள், தான் எழுதிய கொள்கை ஒருவழியாக நிஜமாகப் போகிற தருணம் இதுதான் என்று நம்பினாள்.

"பழைய இடத்துக்கு வேண்டாம்" என்றார் தலைவி. "அங்க ரோடு வந்திடுச்சு. அதுக்கு மேல, ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்க முன்னோர் இருந்த இடம் இருக்கு. அங்க போறோம். பாலத்துக்கு இந்தப் பக்கமே ஒரு கேட் போட்டுடுங்க. யாரும் வரக்கூடாது. சுற்றுலாவும் வேண்டாம், படமும் வேண்டாம்."

"அப்போ பழைய இடத்தை மூடிடலாமா?"

"எதுக்கு மூடணும்?" தலைவி ஊர்க்காரர்களைக் கை காட்டினார். "இவங்களே நடிக்கட்டும். வர்றவங்களுக்கு ஏதாவது பாக்கணும்ல? இங்க ஒண்ணும் இல்லன்னா பாலத்தைத் தாண்டி எங்களைத் தேடி வந்துடுவாங்க. வாசல்ல பெருசா போர்டு வைங்க, இது நாடகம், இவங்க ஊர்க்காரங்கன்னு. எங்க பேரை வெச்சு நடக்கிறதால பாதி வருமானம் எங்களுக்கு வரணும். அது ஏற்கெனவே ரூல்ல இருக்காமே."

அதிகாரியின் பேனா காற்றில் நின்றது. சின்னவள் கேட்டதை நம்பாமல் பக்கத்திலிருந்தவரிடம், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். தன் மொழியில் சொன்னதுதான், இருந்தும் கேட்டாள். அவள் எழுதியது அத்தனையும் வருகிறவர்களை எப்படி அழைப்பது என்பதைப் பற்றி. வரவே வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு வழி வைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் தலைவி. "அந்த இலையைக் கழட்டணும். எங்கள்ல எந்தக் காலத்துலயும் யாரும் இலை கட்டினதில்ல. மானம் போகுது."

பெரியவள் சட்டென்று எழுந்தாள். "அதைத்தாங்க நானும் முதல் நாள்லேர்ந்து சொல்றேன்! உடம்பெல்லாம் தடிப்பு. துணி என்ன மாதிரி இருக்கும்னு சொல்லுங்க, நான் தைச்சிடுறேன். கழுத்து வட்டமா, சதுரமா?"

"சதுரம். கை முழங்கை வரைக்கும்."

"பொத்தானா, கயிறா?"

"அது கல்யாணம் ஆனவங்களுக்கு ஒண்ணு, ஆகாதவங்களுக்கு ஒண்ணு."

"அப்போ பேக்கரிக்காரருக்கு?"

பந்தல் முழுக்கச் சிரித்துவிட்டது. பேக்கரிக்காரர் மட்டும் எழுந்து, அந்த ஆட்டம் தான் சொந்தமாகக் கண்டுபிடித்தது, அதைத் தொடரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தலைவி யோசித்துவிட்டு, ஆடலாம், ஆனால் தன் ஆட்டம் என்று சொல்லிவிட்டு ஆடவேண்டும் என்றார். விசாரணை அதிகாரி இது எதையும் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் சின்னவளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை.

எல்லாம் தலைவி சொன்னபடியே நடந்துவிடவில்லை. பாதி வருமானத்துக்கு நிதித்துறை இன்னும் இழுத்தடிக்கிறது. பாலத்தருகே கேட் மட்டும் முதலில் வந்தது. தலைவியின் ஆட்களில் சிலர், பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும் என்று லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் ஒரு காலைப் பொழுதில் பாத்திரம் பண்டத்தோடு மேலே போனார்கள். நாடகம் என்ற பலகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சப் பேர் முகம் சுளித்துத் திரும்பினார்கள். பலரோ உள்ளே போய்க் கைதட்டினார்கள். வெள்ளிமுடி அம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சின்னவள் ஜன்னல் இல்லாத அறையில் உரிமங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தொலைபேசி அடித்தது. பெரியவள்.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. வேலை விஷயமாப் பேசுறேன்."

"சொல்லுக்கா." அவள் முத்திரையைக் கீழே வைத்தாள்.

"தலைவியம்மா அவங்க ஆளுங்களுக்கும் என்கிட்டயே தைக்கச் சொல்லியிருக்கு. அளவு எடுக்கணும். பாலத்தைத் தாண்டி விடமாட்டாங்களாம். அவங்களும் மழை முடியற வரைக்கும் கீழ இறங்க மாட்டாங்களாம். இதுக்கு உங்க ரூல்ல ஏதாச்சும் வழி இருக்கா?"

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வழியும் இல்லை.

"இல்லக்கா."

"அதானே பாத்தேன்" என்றாள் பெரியவள். "சரி, நான் கேட் கிட்ட நின்னு டேப்பைத் தூக்கிப் போட்டுப் பாக்கிறேன். அவங்களே அளந்து சொல்லட்டும். அம்மா எப்படி இருக்கா?"